கீமேன் பாலம்

நம் பழைய மாணவர் மலரில் ஏற்காட்டுப் பனியைப் பற்றியும் விடுதிச் சாம்பாரைப் பற்றியும் வருஷா வருஷம் யாராவது எழுதிவிடுகிறார்கள். சேலம் சுண்ணாம்புக்கரட்டுப் பக்கம் ஓடைமேல் கிடக்கும் பழைய ரயில் பாலத்துக்கு மட்டும் ஆள் இல்லை. பயம்தான் காரணம் என்றால் ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார் கோபித்துக்கொள்வார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்கல் (மேக்னசைட்) ஏற்றிப்போன கிளைப்பாதையில் அடிபட்டுச் செத்த கீமேன், அதாவது தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் ரயில்வே ஊழியர், பொழுது சாய்ந்ததும் சுத்தியலால் தட்டிக்கொண்டே பாலத்தைக் கடப்பார். பின்னால் வெள்ளைச் சேலையில் ஒருத்தி. அப்புறம், தண்டவாளமே பிடுங்கப்பட்ட பாலத்தில் ரயில் போகும். புதுப் பையன்களுக்கு விடுதியில் இதுதான் வரவேற்பு. சொன்னவர்கள் புளுகவில்லை. தட்டும் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

அது பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்திரமான கர்டர் எழுப்பும் சத்தம். கர்டரின் ஒரு முனை அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை இரும்புத் தகட்டின் மேல் வழுக்கி நகரும். 60 அடி கர்டர் ஒன்று வெயிலில் காய்ந்து, இரவில் 20 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் சுருங்கும். ஓடுகிற பாதையில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தகடுகளைச் சுத்தம் செய்து கிரீஸ் வைப்பார்கள். கைவிட்ட பாலத்துக்கு யார் வைப்பது? இரண்டு தகட்டுக்கும் நடுவே துரு அப்பளம் அப்பளமாகப் பொரிந்து இறுகிக்கொள்கிறது. கர்டர் சுருங்கப் பார்க்கும், துரு விடாது. இழுவிசை ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் ‘டொக்’கென்று அரை மில்லி நகரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டொக்’. இரும்பு வேகமாகக் குளிர்வது பொழுது சாய்ந்த முதல் இரண்டு மூன்று மணி நேரம். கீமேன் டியூட்டி நேரமும் அதுதானே! மேகம் மூடிய நாளில் அவருக்கு லீவு.

வெள்ளைச் சேலைக்காரி பாதி கல், பாதி பறவை. மேக்னசைட் கழிவுக் குவியல் நிலா வெளிச்சத்தில் சுவர்போல் வெளுத்துத் தெரியும். அதன் முன்னால் எது அசைந்தாலும் உருவம்தான். மீதி கூகை என்கிற வெள்ளை ஆந்தையின் வேலை. பாலத்தின் கட்டுமானத்தில் கல் பெயர்ந்த பொந்துகளில் அது குடியிருக்கும். முகமும் வயிறும் வெள்ளை. இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற அமைப்பு இருப்பதால் பறக்கும் சத்தமே வராது. அலறுவதோ தொண்டை கிழிய. குஞ்சுகள் சீறுவதைப் பொந்துக்கு வெளியே நின்று கேட்டால் யாரோ குறட்டை விடுவதுபோல இருக்கும்.

ரயில் நிஜமான ரயில், ஜோலார்பேட்டை மெயின் லைனில் போவது. பகலில் சூடான தரை சத்தத்தை மேலே வளைத்துவிடும். மார்கழி, தை இரவுகளில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பு நிற்கும். சத்தம் கீழே வளைந்து வரும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும் கூட்ஸ் காலடியில் தடதடக்கும்.

ஓடைக்கரை முனியப்பனுக்குச் சுருட்டு வைக்காமல் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. நல்ல வழக்கம், அங்கேயே திரும்பிவிடுகிறவர்களே அதிகம்.

இப்போது ஊருக்கு வரும் பிள்ளைகள் அந்தப் பாலத்தில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். தண்டவாளத்தைத் தாங்கிய மரக்கட்டைகள் மேலே திடமாகத் தெரியும். உளுத்துப்போவது, கட்டையைக் கர்டரோடு பிணைக்கும் ஹூக் போல்ட்டின் துளையைச் சுற்றி, உள்ளிருந்துதான். பழைய இரும்புக்காகப் போல்ட்டைத்தான் முதலில் கழற்றிப்போவார்கள்; பிடிமானம் போன கட்டையின் நுனியை மிதித்தால் மறுநுனி எழும்பும். கர்டர் அடியில் மலைத்தேனீ அடை தொங்கும்; செல்போன் வெளிச்சம் அடித்தால் மொய்த்துவிடும். மேலே ஏற்காட்டுச் சரிவில் மழை பெய்தால், கீழே ஒரு தூறல்கூட இல்லாமலேயே ஓடையில் வெள்ளம் வரும். நிலம் ரயில்வேயுடையது என்றால் 1989ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவும் உண்டு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

கூகையைப் பார்க்க ஆசையிருந்தால் பைனாகுலரோடு கரையிலேயே உட்காருங்கள். இருட்டுகிற நேரத்தில் அதுவே வெளியே வரும்.