முழங்காலுக்கு அடியில் ஒரு பெடல்: வயலினும் மடிக்கணினியும்

ஜூன் 3

மடிக்கணினியில் லூப் செய்துகொண்டு, அதாவது வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுக்கொண்டு, வயலின் வாசிக்கும் முயற்சியை இன்று தொடங்கினேன். அக்காவின் மகன் கல்லூரிக் காலத்தில் பயன்படுத்திக் கழித்துவிட்ட கணினி அது. அதில் லினக்ஸையும், ஜாக் என்னும் ஒலி மென்பொருளையும், லூப் செய்யும் சூப்பர்லூப்பரையும் அவனே நிறுவிக் கொடுத்தான். மூன்றுமே காசு கொடுக்காமல் கிடைப்பவை. வயலினில் பொருத்திய பிக்கப் என்னும் சிறு ஒலிவாங்கியிலிருந்து வரும் ஒலி, அதை எண்களாக மாற்றும் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குள் போகிறது. ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்குகிறது. மறுமுறை அழுத்தினால், அதுவரை பதிந்தது அந்தக் கணமே முதலிலிருந்து ஒலிக்கத் தொடங்கி, நாம் நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் இன்னொன்றை வாசித்துச் சேர்க்கலாம்; சேர்த்தது சரியில்லை என்றால் அந்த அடுக்கை மட்டும் நீக்கலாம்.

முதல் தொல்லை தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாக அன்றி, வாளி வாளியாகத்தான் அள்ளுகிறது. ஒலியைக் கணத்துக்குக் கணம் அளந்த எண்ணே மாதிரி. விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், 1,024 மாதிரிகள் கொள்ளும் இரண்டு வாளிகளை வைத்தபோது தாமதம் 43 மில்லி விநாடி என்று திரை காட்டியது. ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும் என்பதால், என் வயலினையே ஏறக்குறைய 15 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்கு அது சமம். வாளியை 128 ஆகக் குறைத்து, யு.எஸ்.பி. கருவிக்கு உகந்தது என்று சொல்வதால் எண்ணிக்கையை மூன்றாக்கியதும், தாமதம் 8 மில்லி விநாடிக்கு இறங்கியது. மேடையில் மிருதங்கக்காரர் உட்காரும் தூரம்தான் அது, பழகிய தூரம். ஆசை விடாமல் 64 வைத்துப் பார்த்தேன். உரிய நேரத்துக்குள் வேலையை முடிக்க முடியாமல் கணினி தடுமாறி, கடலை வறுப்பது போல் பொரியத் தொடங்கிவிட்டது. 128க்கே திரும்பி, வைஃபையையும் அணைத்து வைத்தேன்.

ஜூன் 5

கணினியைப் பற்றி இவ்வளவு யோசித்த நான், என் காலைப் பற்றி யோசிக்கவில்லை.

லூப் செய்பவர்கள் எல்லோரும் பெடலைக் காலால் மிதிக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் நிற்கிறார்கள் அல்லது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கர்நாடக முறையில் வயலின் வாசிப்பவரோ தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் தாங்கி, அந்தப் பிடிப்பை நம்பித்தான் இடது கையைத் தந்தியில் மேலும் கீழும் ஓடவிடுகிறார். வலது காலை அசைத்தால் வாத்தியமே அசையும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன்; கணுக்கால் போனதும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவில் விரல் எங்கே நிற்கும் என்ற உறுதியும் போய்விட்டது. முப்பது ஆண்டுப் பழக்கத்தை ஒரு பெடலுக்காக மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

“சித்தி, இடது முழங்கால் சும்மாதானே இருக்கு?” என்று அக்கா மகன் கேட்டான். மடக்கிய இடது முழங்காலுக்கு அடியில், கீபோர்டுக்காரர்கள் பயன்படுத்தும் சஸ்டெய்ன் பெடலை வைத்து, அதை, கணினிக்குக் கட்டளை அனுப்பும் சிறிய மிடி கீபோர்டு ஒன்றில் செருகினான். பதிவும் சேர்ப்பும் முழங்காலால் நடக்கும். நீக்குவதற்குக் கீபோர்டின் ஒரு கட்டையை ஒதுக்கினோம். வில்லை எடுக்கும் இடைவெளியில் வலது கையின் சுண்டுவிரல் அதற்கு எட்டுகிறது.

ஜூன் 9

எடுத்துக்கொண்டது எட்டு அட்சரம் (தட்டு) கொண்ட ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 அட்சரம். ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, சரியாக 6 விநாடி. கணினிக்கு அது 2,88,000 மாதிரிகள். 1960களில் அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலி இதையே இரண்டு டேப் ரெக்கார்டர்களை வைத்துச் செய்தார். ஒன்றில் பதிந்த நாடா சற்றுத் தள்ளியிருந்த மற்றதில் போய் ஒலிக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நாடாவின் நீளமே சுற்றின் நீளம். விநாடிக்கு 19 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் என் ஆவர்த்தனம் 114 சென்டிமீட்டர் இருந்திருக்கும். தாளத்தை முழக்கோலால் அளக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் 1970இல் பண்டிட் பிரான் நாத்திடம் இந்துஸ்தானி இசை கற்கச் சீடராகச் சேர்ந்தார் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

இன்றைய சிக்கல் தையல், அதாவது சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் இடம். தாளத்தின் முதல் தட்டான சமத்தில் தொடங்கிச் சமத்தில் முடிப்பதுதான் முறை என்று எண்ணி, அங்கேயே முழங்காலை அழுத்தினேன். சமத்தில் வில் அழுத்தமாக விழுகிறது. முழங்கால் வில்லுக்குப் பின்னால்தான் வருகிறது. அதிலும் முடிக்கும்போது ஏற்படும் தாமதம் தொடங்கும்போது இருப்பதைவிட அதிகம். 20 மில்லி விநாடி கூடினால் ஒருமுறை யாருக்கும் தெரியாது. அது ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வந்தால், ஒரு கால் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்தது போலிருக்கிறது. டிக் டிக் என்று வேகம் காட்டும் மெட்ரோனோமோடு கட்டிவிட்டால் மென்பொருளே சுற்றைச் சரியான இடத்தில் வெட்டிக்கொடுக்கும். ஆனால் காதுக்குள் அதைக் கேட்டுக்கொண்டு வாசிக்க என்னால் முடியவில்லை.

மாலையில் வேறு வழி கிடைத்தது. அழுத்தும் இடத்தைச் சமத்திலிருந்து எட்டாவது அட்சரத்தின் வீச்சுக்கு (கையைத் திருப்பிப் போடும் இடம்) மாற்றினேன். அங்கே நான் எதுவும் வாசிப்பதில்லை. வில் காற்றில் இருக்கிறது, முழங்காலுக்கு வேறு வேலையில்லை. வெட்டும் இடமும் மௌனத்தில் விழுவதால் ‘டொக்’ என்ற சத்தம் எழுவதில்லை. இருபது முறையில் பதினாறு முறை சரியாக வந்தது.

ஜூன் 14

எதை லூப் செய்வது என்பதில் இன்று ஒரு முடிவுக்கு வந்தேன். தோடி ராகத்தில் ஒரு பிடியை, அதாவது அதன் சிறு இசைத்தொடரை, பதிந்து, அதன் மேல் இரண்டாவதைச் சேர்த்தேன். அதன் காந்தாரம் (க) அசைந்துகொண்டே இருக்கும் ஸ்வரம். ஓர் அசைவின் மேல் இன்னோர் அசைவு வேறு வேகத்தில் விழுந்ததும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. மூன்றாவது அடுக்கில் அது சந்தை இரைச்சல். ஹம்ஸத்வனி ராகம் வேறு. அதன் ஐந்து ஸ்வரங்களும் ஓரளவு நேராக நிற்கக்கூடியவை என்பதால், ச-க-பவும் அதன் மேல் ப-நி-ரியும் அடுக்கியபோது கூடம் நிறைந்தது. நிறைந்தது உண்மைதான், ஆனால் அரைமணி நேரத்தில் அது மேற்கத்திய கார்டாக, ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டமாக, தெரியத் தொடங்கியது, ஹம்ஸத்வனியாகத் தெரியவில்லை. ஸ்வரத்தின் அசைவான கமகத்தை விட்டுக்கொடுத்து அடுக்கைப் பெறுவது நஷ்ட வியாபாரம்.

ஆகவே லூப்புக்குள் இனி இரண்டே பொருள்கள்: திறந்த தந்திகளில் ச-ப சுருதி ஒன்று, விரலால் மீட்டிய நடை (தாளத்தின் ஓட்டம்) ஒன்று. ராகம் முழுதும் நேரடியாக என் கையிலிருந்தே வரும்.

இதில் ஒரு தண்டனையும் இருக்கிறது. காலையில் ஸட்ஜம் மயிரிழை இறங்கியிருப்பதைக் கவனிக்காமல் பதிந்துவிட்டேன். நான் சுருதி சேர்க்கும் ஒரு கட்டை ஸட்ஜம் (ச) 261.6 ஹெர்ட்ஸ். இரண்டு ஹெர்ட்ஸ் இறங்கினாலே சுருதிப்பெட்டியோடு சேரும்போது விநாடிக்கு இரண்டு முறை ஒலி புடைத்து அடங்கும். வாசிக்கும்போது காது விரலைத் தானாகத் திருத்திவிடும்; லூப் ஆறு விநாடிக்கு ஒருமுறை அந்தத் தவற்றையே என் முன் கொண்டுவந்து வைக்கிறது.

ஜூன் 17

ஒத்திகையின் நடுவில் மின்சாரம் போயிற்று. ஸ்பீக்கர் அடங்கியது. மடிக்கணினி பேட்டரியில் ஓடியது. இன்டர்ஃபேஸுக்கும் அதிலிருந்தே மின்சாரம் போவதால், லூப் யாருக்கும் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. மிருதங்கம் வாசிக்கும் நண்பரும் நிறுத்தவில்லை. நான்கு நிமிடம் கழித்து மின்சாரம் வந்து ஸ்பீக்கர் உயிர்பெற்றபோது, நாங்கள் இருவரும் ஒன்றாகவே இருந்தோம். கணினி எங்களுக்கு இரண்டு அட்சரம் பின்னால் இருந்தது. நாங்கள்தான் ஓடியிருக்கிறோம்.

“நீங்க ஓடினா நானும் ஓடுவேன், நின்னா நிப்பேன்மா. இதுக்கு நான் வாசிக்கிறது காதுலயே விழலையே” என்றார் அவர். அது குறையா நிறையா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு லூப்பை நிறுத்திவிட வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

ஜூன் 18

சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் வண்டு இரைச்சல், பிடுங்கினால் இல்லை. இனி வாசிக்கும் நேரம் முழுதும் பேட்டரிதான்.

ஜூன் 28

மொட்டைமாடியில் முதல்முறையாகப் பிறர் முன்னிலையில் வாசித்தேன். அக்கம்பக்கத்தார் நாற்பது பேர் இருக்கும். முதல் சுற்று சரியாக மூடியது. இரண்டாவது அடுக்கில் மீட்டிய நடை சற்று முந்திவிட்டது. சுண்டுவிரலால் நீக்கி, அடுத்த ஆவர்த்தனத்தில் மீண்டும் சேர்த்தேன். முன்வரிசைப் பாட்டி ஒருவர் மட்டும், இன்னொரு வயலின் எங்கிருந்து கேட்கிறது என்று மாடிப்படிப் பக்கம் இருமுறை திரும்பிப் பார்த்தார்.

தனிக்கு முன்னால் நிறுத்துவதில்தான் பிசகு. நிறுத்தும் கட்டையும் நீக்கும் கட்டையும் அடுத்தடுத்து இருந்ததால், விளக்கு மங்கலில் விரல் தவறி, நடை மட்டும் போய்ச் சுருதி சுற்றிக்கொண்டிருந்தது. நண்பர் அதைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு, அதன் மேலேயே தனியைத் தொடங்கினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் நாளை நிறுத்தும் கட்டையை வலது கோடிக்கு மாற்றி, அதன் மேல் ஒரு துண்டு வெல்க்ரோ ஒட்ட வேண்டும்.