எங்கள் சந்துக்கு சின்டெக்ஸ் டேங்க் வந்த கதை

2019 கோடையில், சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் சந்து அடிபம்பை எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வந்தது. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்ததால் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தன. தினமும் 83 கோடி லிட்டர் கிடைத்த ஊருக்கு 52.5 கோடி லிட்டர்தான் விட முடிந்தது. காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மட்டும் இல்லையென்றால் வடசென்னை என்ன பாடு பட்டிருக்குமோ!

போர் தண்ணீர் இருந்தது. ஆனால் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் சோறு வடித்தால் மஞ்சளாகிவிடும், துணிக்கு சோப்பு போட்டால் நுரையே வராது.

லாரி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். ஓடிப்போய்க் குடத்தை வைக்க முடிந்தவர்களுக்குத் தண்ணீர். வயதானவர்களுக்கும் கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் ஒன்றுமில்லை. இது எனக்கு ஆறவே இல்லை. சந்து முனையில் ஒரு டேங்க் வைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று வீடு வீடாகப் போனேன்.

ஆளாளுக்குப் போய்ச் சத்தம் போட்டுப் பலனில்லை என்று தெரிந்திருந்தது. அதனால் வீட்டு எண், எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர் யார் என்று எல்லாம் எழுதி, கையெழுத்து வாங்கி, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சென்னைக் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்தோம். மனு கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்காமல் வராதீர்கள். அதைக் காட்டித்தான் அப்புறம் கேட்க முடிந்தது.

இடம் பார்க்க வந்தவர் முதலில் கேட்டது, லாரியின் ஹோஸ் எட்டுமா என்பதைத்தான். எட்டுகிற இடமெல்லாம் யாரோ ஒருவரின் வாசல். சேறாகும், சண்டை வரும் என்று எல்லோரும் தயங்கினார்கள். கடைசியில் இட்லிக்கடை அக்காதான், "என் வாசல்ல வைங்கப்பா. யாரும் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, அவ்ளோதான்" என்றார். அந்த மனசுக்கு இன்றைக்கும் கும்பிடு போடலாம்.

முதல் லோடு இறங்கிய சாயங்காலம் டேங்கின் கறுப்புப் பக்கமெல்லாம் வியர்த்து நின்றது. பிள்ளைகள் அதில் கன்னத்தை ஒட்டிக்கொண்டார்கள். குடங்கள் இரண்டு வரிசை. எல்லாம் ஒரே மாதிரி பிளாஸ்டிக் குடம் என்பதால் ஒன்றில் நெயில்பாலிஷ் புள்ளி, இன்னொன்றின் கழுத்தில் கிழித்த புடவைத் துண்டு. முதல் சுற்றில் வீட்டுக்கு நான்கு குடம், மிச்சம் இருந்தால் இரண்டாவது சுற்று. நடக்க முடியாதவர்களின் குடம் முதலில் நிரம்பும், அதைத் தூக்கிப் போய் வைப்பது காலேஜ் பையன்கள் பொறுப்பு. இதை எழுதி அக்கா கடைச் சுவரில் ஒட்டினோம்.

ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்ததை டிவியில் பார்த்தபோதும் எங்கள் வரிசை நின்றுகொண்டுதான் இருந்தது.

டேங்க் கேட்கப் போகிறவர்கள், அதை யார் எப்போது கழுவுவது என்பதையும் சேர்த்தே பேசிவிடுங்கள். அடியில் வண்டல் தங்கும், மூடி திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். எங்கள் சந்தில் மாடி வீடு, கீழ் வீடு என்று முறை வைத்துக் கழுவினோம்.