தபால்பெட்டியில் மூன்று பெயர்

ஜெர்மனிக்கு வந்த முதல் இரண்டு மாதம் எனக்கும் மகளுக்கும் ஒரு கடிதம்கூட வரவில்லை. என் கணவருக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தது. கடிதம் வராவிட்டால் என்ன, எல்லாம் மின்னஞ்சலில் வராதா என்று கேட்பீர்கள். வராது. இந்த நாட்டில் வாழ்க்கை காகித உறையில்தான் வருகிறது.

2022 செப்டம்பரில் நாங்கள் இருவரும் டார்ட்முண்ட் வந்து சேர்ந்தோம். அவர் நான்கு மாதம் முன்பே வந்து வேலையில் சேர்ந்து, மூன்றாவது மாடியில் ஒரு வீடு பிடித்து வைத்திருந்தார். வீடு என்றால் சுவரும் தரையும்தான். விளக்கு தொங்க வேண்டிய இடத்தில் வெறும் ஒயர். சமையலறையில் சிங்க்கூட இல்லை, சுவரிலிருந்து இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்ததாம். காலி செய்து போகிறவர்கள் சமையலறையையே கழற்றிக்கொண்டு போவது இங்கே சாதாரணம். யாரோ விற்ற பழைய சமையலறை ஒன்றை வாங்கி அவரே பொருத்தியிருந்தார். அதில் ஒரு கதவு இன்றுவரை மூடாது.

வந்ததும் முதல் வேலை ஆன்மெல்டுங். குடிபுகுந்த 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிந்துவிட வேண்டும். அதற்கு வாடகை ஒப்பந்தம் போதாது. இன்னின்னார் என் வீட்டில் குடியேறுகிறார்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் தனியாக வேண்டும். எங்கள் தாளில் என் கணவர் பெயர் மட்டும் இருந்தது. திரும்பிப் போய் மூன்று பெயரும் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி போனோம்.

கவுன்டரில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் மூன்றாவதில் நிறுத்திவிட்டார். "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானே?" என்று கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? என் கணவரின் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது மாமனார் பெயர். என்னுடையதில் என் அப்பா பெயர். மகளுடையதில் என் கணவரின் பெயர். நம் ஊரில் இனிஷியலாக ஒற்றை எழுத்தில் ஓரமாக நின்றவர்கள், பாஸ்போர்ட் எடுக்கும்போது முழு உருவத்தோடு வெளியே வந்துவிடுகிறார்கள். நான் கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட் எடுத்தவள். அப்புறம் மாற்றவும் தோன்றவில்லை.

அப்பாவுக்குத் தாத்தா வைத்தது தேவாரம் பாடிய அப்பரின் பெயர். அப்பர் என்று சுருக்கமாக வைத்திருந்தால் பிழைத்தோம். வைத்தது முழுப் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் 16 எழுத்து. எந்தப் படிவத்திலும் கட்டம் போதாது.

பதிவு முடிந்தது. சில வாரத்தில் வரி எண் வரும், காத்திருங்கள் என்றார்கள். இது 11 இலக்க எண். பிறந்த குழந்தைக்கும் உண்டு, வாழ்நாள் முழுக்க மாறாது. காத்திருந்தோம். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் காத்திருந்தோம். தினமும் பள்ளி விட்டு வரும்போது மகள்தான் பெட்டியைத் திறப்பாள். "இன்னைக்கும் அப்பாவுக்குத்தான்" என்பாள். டிவியே இல்லாத வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு வந்த கடிதம் மட்டும் பிசகாமல் வந்தது. அவர் அதை மோசடி என்று நினைத்து இரண்டு முறை கிழித்துப் போட்டிருந்தார். மோசடி இல்லை. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று என்று கட்டியே ஆக வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்தைப் போனில் பிடித்தால், அட்டைகளை அனுப்பிவிட்டோம், முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன என்றார்கள். யாரும் இல்லையா? நான் இங்கேதானே இருக்கிறேன்!

புதிர் விடுபட்டது ஒரு மளிகைக் கடையில். டார்ட்முண்டில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கப் போன இடத்தில் கல்லாவில் இருந்த அக்காவிடம் சும்மா புலம்பினேன். அவர் சில்லறையை எண்ணிக்கொண்டே கேட்டார்: "பெட்டியில எல்லாற்ற பேரையும் ஒட்டினனீங்களோ, தங்கச்சி?"

ஒட்டவில்லை. பெட்டியிலும் அழைப்பு மணியிலும் மாமனார் பெயர் மட்டும்தான் இருந்தது. என் கணவர் தனியாக வந்தபோது ஒட்டியது.

இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரும்பாலும் வீட்டுக்கென்று கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான். அதற்குமேல் தபால்காரருக்கு வழிகாட்டுவது பெட்டியில் இருக்கும் பெயர். உறையில் என் அப்பா பெயர், பெட்டியில் மாமனார் பெயர். தபால்காரர் எப்படிப் போடுவார்? அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. "எங்கட ஆக்கள் எல்லாருக்கும் இதுதான் கதை. வீட்டில நாலு ஆக்கள் இருந்தா பெட்டியில மூண்டு பேர் இருக்கும்" என்றார் அக்கா. 80களில் வந்தவராம். அவர் கணவரின் முதல் கடிதங்களும் இப்படித்தான் திரும்பிப் போயினவாம்.

அன்றைக்கே ஒரு தாளில் மூன்று பெயரையும் எழுதி டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் அதைக் காணோம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் பிய்த்துவிட்டார். எல்லாப் பெட்டியிலும் ஒரே மாதிரி அச்சிட்ட பட்டைதான் இருக்க வேண்டுமாம். அவரிடமே கேட்டு அச்சிட்டு வாங்கினோம். விரலளவு பட்டையில் மூன்று பெயர் அடங்க வேண்டுமே, எறும்பு ஊர்வதுபோல எழுத்து.

பட்டை வந்ததும் வரி எண்ணுக்கு மறுபடி விண்ணப்பித்தோம். அந்த எண்ணைப் போனிலோ மின்னஞ்சலிலோ சொல்ல மாட்டார்கள், தபாலில் மட்டும்தான். டிசம்பரில் வந்தது. என் வாழ்க்கையில் ஒரு வரிக் கடிதத்தை முத்தமிட்டது அப்போதுதான். குழந்தையின் வரி எண் இல்லாமல் கிண்டர்கெல்ட் கேட்க முடியாது. குழந்தைக்காக அரசு மாதாமாதம் தருகிற பணம் அது. அப்போது ஒரு குழந்தைக்கு 219 யூரோ, 2023 ஜனவரியிலிருந்து 250 ஆனது. தாமதமாகக் கேட்டாலும் முந்தைய 6 மாதம் வரைக்கும் சேர்த்துத் தருவார்கள் என்பதால் எங்களுக்கு நஷ்டம் இல்லை. அதற்குமேல் தாமதித்திருந்தால் போனது போனதுதான்.

காப்பீட்டில் வேறு ஒரு சுற்று. அவருடைய காப்பீட்டிலேயே நாங்களும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் குடும்பப் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் மனைவி என்பதற்குத் திருமணச் சான்று, பிள்ளை என்பதற்குப் பிறப்புச் சான்று. நல்லவேளை, நம் ஊர்ப் பிறப்புச் சான்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பும் முன் இந்த இரண்டையும் கைப்பையில் வைத்தது என் மாமியாரின் யோசனை. அவருக்கு ஜெர்மனியைப் பற்றி ஒன்றும் தெரியாது, காகிதத்தைப் பற்றித் தெரியும்.

பள்ளி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பயந்த அளவுக்கு இல்லை. அக்டோபர் விடுமுறை முடிந்ததும் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். தட்டம்மைத் தடுப்பூசி 2 முறை போட்டதற்கு அத்தாட்சி கேட்டார்கள். 2020 மார்ச் முதல் அது இங்கே சட்டம். ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையைக் குழந்தை மருத்துவர் ரசித்துப் படித்துத் தேதிகளை மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். மொழியை மகள் எங்களுக்கு முன்பே பிடித்துக்கொண்டாள். இப்போது என் உச்சரிப்பைத் திருத்துகிறாள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை. கடைகள் அடைப்பு, தெருவில் ஈ காக்கை இல்லை. ஊரிலிருந்து பெட்டி எடையில் பாதியை விழுங்கிக்கொண்டு வந்த கிரைண்டரை ஒரு ஞாயிறு காலை ஓட விட்டேன். அரை மணி நேரத்தில் கீழ்வீட்டுப் பாட்டி வந்து நின்றார். திட்டவில்லை. எங்கள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரிடம் போய் ஞாயிற்றுக்கிழமையின்மேல் விரலை வைத்து, உதட்டிலும் விரலை வைத்தார். ஞாயிறு முழுக்க அமைதி நாள், துளை போடுவது துவைப்பது எல்லாம் மற்ற நாளில்தான். இப்போது சனிக்கிழமை மாலையே அரைத்துவிடுகிறேன். குளிர்காலத்தில் மாவு பொங்காது; ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு இரவெல்லாம் வைத்தால் காலையில் வழியும்.

தை மாதம் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனோம். ரயிலில் பக்கம்தான், அப்புறம் பேருந்து. ஈழத்தமிழர்கள் கட்டி 2002இல் கும்பாபிஷேகம் செய்த கோயில். தொழிற்சாலைகளுக்கு நடுவே திடீரென்று கோபுரம் நிற்கிறது. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் மட்டும் கேட்டார்கள். நாலு மாதத்தில் என்னிடம் குடும்பப் பெயர் கேட்காத முதல் இடம்.

இங்கே எல்லாரும் என்னை, நம் ஊர் திருமதி போல, ஃபிராவ் போட்டு அப்பா பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். மருத்துவமனை வரவேற்பில், பள்ளிக் கூட்டத்தில், பார்சல் கொண்டுவரும் பையன். முதல் நான்கு எழுத்தில் தைரியமாக ஆரம்பித்து நடுவில் மூச்சு வாங்கி, என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் கை தூக்கிவிடுவேன். அப்பா 2019இல் போய்விட்டார். ஊரில் இப்போது அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

போன பொங்கலன்று அம்மாவுக்கு வீடியோவில் வீட்டைக் காட்டிக்கொண்டே கீழே இறங்கி வாசலுக்கு வந்தேன். அழைப்பு மணிப் பலகையைக் காட்டு என்றார். காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே, பெரிசாப் போடச் சொல்லக் கூடாதா?" என்றார்.