மிச்சத் துணி

ரவிக்கை தைக்க வரும் துணியில் பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும். சேலையோடு சேர்ந்து வரும் 80 சென்டிமீட்டர் துண்டில், அளவு சின்னதாக இருந்தால் ஒரு சாண் வரை மீதியாகும். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இத்தனை வருடமாகத் தைக்கிறேன், அதைத் திருப்பிக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா இருந்தவரை அந்த மீதியைச் சுருட்டி, அதே நிற நூலால் கட்டி, ரவிக்கையோடு பையில் வைத்துவிடுவார். நானும் அப்படித்தான்.

சின்ன வயதில் 'கர்த்தருக்குப் பயப்படு' என்று கேட்டால் பிரம்போடு நிற்கும் வாத்தியார்தான் கண்முன் வருவார். பைபிளில் லேவியராகமத்தை நிதானமாக வாசித்த பிறகு அந்தப் படம் மாறிவிட்டது. உன் தேவனுக்குப் பயந்திரு என்ற கட்டளை அதில் ஐந்து இடங்களில் வருகிறது. ஒன்றுகூட ஆராதனை முறை பற்றியது இல்லை. காது கேளாதவரைத் திட்டாதே, கண் தெரியாதவர் வழியில் இடறும்படி எதையும் வைக்காதே என்று 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. நரைத்தவர் முன்னால் எழுந்து நில் என்பதும் அங்கேதான். 25-ஆம் அதிகாரத்தில் நிலம் வாங்கி விற்பதில் ஏமாற்றாதே, நொடித்துப் போனவனிடம் வட்டி வாங்காதே, வேலைக்கு இருப்பவனைக் கொடுமையாக நடத்தாதே. இந்தக் கடைசி ஒன்று எனக்கு இன்னும் கஷ்டம். தீபாவளி நெருக்கடியில், கொக்கி வைத்துத் தைக்கும் பெண்ணிடம் குரல் உயர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுவேன்.

காது கேளாதவருக்குத் திட்டியது கேட்காது. கண் தெரியாதவருக்குக் கல்லை வைத்தவன் யாரென்று தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும்.

போன தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அரக்கு நிறப் பட்டில் பிசிறு வெட்டும்போது கத்தரி நுனி பட்டு, முதுகுப் பக்கம் ஓர் அரிசி நீளத்துக்குக் கிழிந்தது. மிச்சத் துணியிலிருந்து இழை உருவி, ஒவ்வொன்றாக ஓட்டி அடைத்தேன். எனக்கே தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ரவிக்கை கொடுத்த ஆன்டிக்கோ கண்புரை. சொன்னால் இந்த வாரத்திலேயே துன் சம்பந்தன் சாலை முழுக்கப் பேச்சாகிவிடுமே என்று அன்று இரவெல்லாம் மனுஷருக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "இங்க கிழிஞ்சிருச்சு ஆன்டி. என் கைத்தப்புதான். கூலி வேண்டாம்."

தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "எனக்கில்லம்மா இது, மருமகளுக்கு. அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். மேல ஒரு பூ வேலை செஞ்சு குடு."

ஜரிகை நூலில் மூன்று பூ போட்டேன். மறுத்தும் பாதிக் கூலியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். துணி இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சியிருந்தது. அதையும் கட்டிப் பைக்குள் வைத்திருந்தேன்.