ஓடும் ஆலையில் இம்பீடன்ஸைக் கணித்தல்

இலங்கையின் கிழக்கே சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் மின்தரம் அளக்கும் வேலை பெரும்பாலும் பெரும்போக அறுவடையை ஒட்டியே வரும். ஆலைகள் இரவு பகலாக ஓடும் அந்த நாட்களில்தான் கெப்பாசிட்டர் (மின்தேக்கி) பெட்டிகளில் பியூஸ் அடிக்கடி போகும். எந்த முதலாளியிடமும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல முடியாத காலமும் அதுவே. ஆகவே 50 ஹேர்ட்ஸ் வழங்கலோடு கலந்து வரும் 250, 350, 550 ஹேர்ட்ஸ் மின்னோட்டத்துக்கு (50இன் மடங்குகளான இவையே ஹார்மோனிக்குகள்) ஊரின் மின் வலையமைப்பு காட்டும் இம்பீடன்ஸை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடையை, ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் எடுக்கும் அளவீடுகளிலிருந்தே கணிக்க வேண்டியிருக்கிறது.

மொத்த வழங்கல் பாவனையாளரிடம் உச்சக் கேள்விக்கான கட்டணம் கேவிஏ (வோல்ட்டளவையும் மின்னோட்டத்தையும் பெருக்கிய அளவு) கணக்கில் அறவிடப்படுவதாலும், கெப்பாசிட்டர் அந்த அளவைக் குறைப்பதாலும், அதை வைக்காத ஆலை குறைவு. மோட்டார்களுக்கு இப்போது வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களும் வந்துவிட்டன. ஆறு துடிப்பு டிரைவ் 5, 7, 11, 13ஆம் ஹார்மோனிக்குகளை உண்டாக்கும். 4 சதவீத இம்பீடன்ஸ் கொண்ட 400 கேவிஏ மின்மாற்றியின் குறுக்குச்சுற்று வலு (400 ÷ 0.04) ஏறத்தாழ 10 எம்விஏ. அதில் 200 கேவிஏஆர் கெப்பாசிட்டரைச் சேர்த்தால், 10 எம்விஏயை அதனால் வகுத்து வரும் 50இன் வர்க்கமூலமாகிய 7.07ஆம் வரிசையில் ஒத்ததிர்வு (அந்த அதிர்வெண் மின்னோட்டம் பெருகும் நிலை) வரும், அதாவது 7ஆம் ஹார்மோனிக்கின் தலைமேலேயே. ஆனால் இந்தக் கடதாசிக் கணக்கு மின்மாற்றிக்கு அப்பாலுள்ள 33 கிலோவோல்ட் வழியையும், அயல் ஆலைகளின் கெப்பாசிட்டர்களையும் கணக்கில் எடுப்பதில்லை.

7ஆம் ஹார்மோனிக் வோல்ட்டளவை அதே ஹார்மோனிக் மின்னோட்டத்தால் வகுத்தால் விடை வந்துவிடும் என்று சொல்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். வராது, அந்த வோல்ட்டளவில் ஊரிலிருந்து வரும் பங்கும் கலந்திருக்கிறது. நமக்கு உதவுவது மாற்றம் மட்டுமே. ஆலைக்குள் செல்லும் மின்னோட்டத்தை நேர்க்குறியாக எடுத்துக்கொண்டால், உள்ளே ஒரு டிரைவ் நிற்கும்போது வோல்ட்டளவு மாற்றத்தை மின்னோட்ட மாற்றத்தால் வகுக்கக் கிடைப்பது வலையமைப்பின் இம்பீடன்ஸ், எதிர்க்குறியுடன். மாற்றம் வெளியிலிருந்து வந்திருந்தால் அதே வகுத்தல் ஆலையின் சொந்த இம்பீடன்ஸைத் தரும். அப்போது விடையின் மெய்ப்பகுதி (தடைப் பகுதி) நேர்க்குறியாக இருக்கும், இதை வைத்தே இரு வகையையும் பிரிக்கலாம். மாலை 6.30க்குப் பிறகு, வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் எரியும் வேளையில், இந்த இரண்டாம் வகைப் புள்ளிகள் குவிந்துவிடும். அவற்றையும் சேர்த்து ஒரே கோட்டைப் பொருத்தினால், எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஓர் எண்தான் மிஞ்சும்.

கட்டக் கோணம் (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்) இன்னொரு தொல்லை. ஹார்மோனிக் அளவீட்டுக்கான ஐஈசி 61000-4-7 நியமத்தின்படி அளவீட்டுச் சாளரம் (ஒரு தடவை அளக்கும் நேரம்) 10 சுழற்சிகள், அதாவது 200 மில்லிசெக்கன். சாளரத்தின் நீளத்தை மாற்றாமல் வைத்திருக்கும்போது, வலையமைப்பு 49.9 ஹேர்ட்ஸில் ஓடினால், அடுத்தடுத்த சாளரங்களுக்கிடையில் அடிப்படை அலையின் கோணம் 7.2 பாகை விலகும். 7ஆம் ஹார்மோனிக்கில் அது 50.4 பாகை. இதைத் திருத்தாமல் மாற்றத்தைக் கழித்து எடுப்பவர் ஆலையை அல்ல, மணிக்கூட்டைத்தான் அளக்கிறார்.

அதனால் நீண்ட பதிவைவிட, நேரம் தெரிந்த சில நிகழ்வுகளையே நான் நம்புகிறேன். நான் பிரதான பிரேக்கருக்கு அருகில் இருக்க, ஆலையின் எலக்ட்ரீஷியன் பனலடியில் நின்று, "சேர், புளோவர் நிப்பாட்டியாச்சு" என்று குரல் கொடுப்பார். அந்தக் கணத்தைக் குறித்துக்கொள்வேன். வேலைக்கு இடையில் வழக்கமாக நிற்கும் இயந்திரங்கள்தான் அவை, யாருக்கும் நட்டமில்லை. கெப்பாசிட்டர் தொகுதிகள் (படிகள்) சேர்ந்த அல்லது விலகிய கணங்களைத் தனியே ஒதுக்குவேன், ஏனெனில் அளவிடும் இடத்துக்குக் கீழே இருக்கும் அந்தக் கெப்பாசிட்டர் ஆலைப் பக்கத்தைச் சேர்ந்தது. வலையமைப்பின் பெறுமானம் கையில் வந்த பிறகு, ஒவ்வொரு படியையும் அதனுடன் சமாந்தரமாக இணைத்துக் கணக்கில் பார்ப்பதே முறை.

அப்படிப் பார்த்தால், மேலே சொன்ன 200 கேவிஏஆர் உதாரணத்தில் முழுப் படிகளும் உள்ளே இருக்கையில் ஒத்ததிர்வு 7க்குச் சற்றுக் கீழே இறங்கும். பாதிப் படியில் 10ஐ ஒட்டி ஏறும். மேலே உள்ள 33 கிலோவோல்ட் வழியின் இண்டக்டன்ஸ் (சுருள் போன்ற தன்மை) மின்மாற்றியுடன் சேர்வதே இறக்கத்துக்குக் காரணம். அயல் ஆலை கெப்பாசிட்டரைச் செருகும் நேரத்தில் பெறுமானம் மறுபடி நகரும். ஆகவே அறிக்கையில் நான் ஓர் எண்ணை எழுதுவதில்லை. நேரத்தோடும் படி நிலையோடும் ஒரு வீச்சையே எழுதுகிறேன். அதைப் படித்த ஓர் ஆலை உரிமையாளர், "தம்பி, இதுல எது சரியான கணக்கு எண்டு சொல்லுங்களேன்" என்றார். "எல்லாம் சரிதான், ஹாஜியார்" என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

பரிந்துரை பெரும்பாலும் கெப்பாசிட்டரோடு தொடராக இணைக்கும் சுருளான 7 சதவீத ரியாக்டர்தான். அது ஒவ்வொரு படியையும் 189 ஹேர்ட்ஸில் இசைத்துவிடுவதால், 5ஆம் ஹார்மோனிக்கிலிருந்து மேலே கெப்பாசிட்டர் வரிசை இண்டக்டன்ஸாகவே தெரியும், மின்மாற்றியோடு ஒத்ததிராது. அயலார் என்ன செய்தாலும் அது மாறாது. பழைய கெப்பாசிட்டர்களையே வைத்துக்கொள்ளலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ரியாக்டரோடு அவற்றின் மேல் விழும் வோல்ட்டளவு 400இலிருந்து 430க்கு ஏறும்; 415 வோல்ட் என்று பொறித்தவற்றை மாற்றத்தான் வேண்டும்.