ஆர்டர் பட்டியலில் தடித்த எழுத்து: பவர் ஆப்ஸில் என்ன செய்யலாம்?

செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து நிறச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி எடுப்பார்கள். ஊற்றியபின் நிறத்தை மாற்ற வழியில்லை. அதனால், பட்டறை போனில் தெரியும் ஆர்டர் பட்டியலில் ‘பூவில் நீலம் வேண்டாம்’ என்ற வரி தடித்துத் தெரிய வேண்டும் என்று கேட்பது முழுக்க நியாயம்.

ஆனால் ஷேர்பாயின்ட் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) பட்டியலில் குறிப்பு நிரலை (column) ரிச் டெக்ஸ்ட், அதாவது தடிப்பும் நிறமும் தாங்கும் எழுத்து ஆக்கி, பவர் ஆப்ஸ் (மைக்ரோசாஃப்டின் செயலி கட்டும் கருவி) லேபிளில் இணைத்தால், குறிப்பைச் சுற்றி டிவ், ஸ்பான் என டேக்குகள் கொட்டிக் கிடக்கும். சேமிக்கப்படுவது ஹெச்டிஎம்எல், அதாவது இணையப் பக்கங்களின் குறிமொழி. லேபிள் அதை வெறும் எழுத்தாகவே காட்டும்.

வரிசைகளை அடுக்கிக் காட்டும் கேலரியை ‘ஃபிளெக்ஸிபிள் ஹைட்’ வகையில் போட்டு, வரிசைக்குள் லேபிளுக்குப் பதில் ‘ஹெச்டிஎம்எல் டெக்ஸ்ட்’ கன்ட்ரோலை வையுங்கள். உயரத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் அதன் ஆட்டோஹைட்டை ட்ரூ ஆக்குங்கள். இல்லையென்றால் நீளமான குறிப்பு பெட்டிக்குள் அடங்காது.

அடுத்த தொல்லை ஒட்டுவதில் வரும். வேர்டிலிருந்து ஒட்டினால் அதன் எழுத்தளவும் நிறமும் கூடவே வந்து, கன்ட்ரோலில் நீங்கள் வைத்த அளவை மீறும். விசைப்பலகையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, வேண்டிய சொல்லை மட்டும் தடித்ததாக்குங்கள். வாட்ஸ்அப்பில் தடித்திருந்த சொல் இங்கே வெறும் நட்சத்திரக் குறிகளோடு நிற்கும். அது ஹெச்டிஎம்எல் அல்ல. சாதா டெக்ஸ்ட் நிரலை இந்தக் கன்ட்ரோலில் காட்டினால் வரிகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சப்ஸ்டிட்யூட் ஃபார்முலாவில், வரி முறிவைக் குறிக்கும் சார் 10-ஐ பிஆர் டேக்காக மாற்றினால் பிரிந்துவிடும்.

இடம் போதவில்லை என்று சிலர் பிளெயின்டெக்ஸ்ட் போட்டு டேக்குகளை நீக்கி, லெஃப்ட் ஃபார்முலாவில் முதல் 80 எழுத்தை மட்டும் காட்டுகிறார்கள். தமிழுக்கு இது ஆபத்தான வேலை. கணினிக்கு ‘ம்’ ஓரெழுத்து அல்ல. ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. வெட்டு நடுவில் விழுந்தால் புள்ளி போய்விடும், கொம்பும் காலும் உதிரும். அதைவிட மோசம், ‘நீலம் வேண்டாம்’ என்பது ‘நீலம்’ என்று நின்றுவிடுவது. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தானே வருகிறது! ஆகவே பட்டியலில் குறிப்பை வெட்டவே கூடாது என்பேன். ‘வேண்டாத நிறம்’ என்று தனி நிரல் வைத்து, அதைச் சிவப்பு லேபிளில் காட்டுங்கள். கல்லின் அளவு, நடுக்கல் எத்தனை, ஓரக்கல் எத்தனை என்பவையும் தனித்தனி நிரல்களுக்கு உரியவை. ரிச் டெக்ஸ்ட் மிச்சக் குறிப்புக்கு மட்டும் போதும்.

குறிப்பை அழித்த பிறகும் வெற்று டிவ் தங்கிவிடுவதுண்டு. அப்போது காலியா என்று பார்க்கும் இஸ்பிளாங்க் ஃபார்முலாவை நேரடியாகக் கேட்டால் ‘காலி இல்லை’ என்றே சொல்லும். பிளெயின்டெக்ஸ்ட், அதன் மேல் ஓர இடைவெளியை நீக்கும் ட்ரிம், அதன் மேல் இஸ்பிளாங்க் என்று அடுக்குங்கள்.

தேடலுக்கு ரிச் டெக்ஸ்ட் நிரலைத் தொடாதீர்கள். சொல்லின் பாதி தடித்திருந்தால் நடுவில் டேக் புகுந்து தேடல் தவறும். போதாக்குறைக்கு, தேடும் வேலையை ஷேர்பாயின்ட்டிடமே ஒப்படைக்க முடியாத ஃபார்முலா, இயல்பு அமைப்பில் முதல் 500 வரிசைகளைத்தான் பார்க்கும். கூட்டினாலும் 2000 வரைதான். சேமிக்கும்போதே பேட்ச் ஃபார்முலாவில் பிளெயின்டெக்ஸ்ட் நகலை ஒற்றை வரி நிரலில் எழுதி, அதில் ஸ்டார்ட்ஸ்வித் கொண்டு தேடுங்கள். அந்த நிரல் 255 எழுத்துதான் கொள்ளும், ஸ்டார்ட்ஸ்வித்தும் தொடக்கத்தை மட்டுமே பார்க்கும். ஆகவே நகலின் முதலில் வாடிக்கையாளர் ஊர் வரட்டும்: தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று.