ஓவர் கொடுத்தல்

சேலத்தில், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் செவிலியராகச் சேர்ந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பணியில் ஷிப்ட் மாறும் ஒவ்வொரு வேளையிலும் தவறாமல் நடக்கும் ஒன்றை நாங்கள் ‘ஓவர் கொடுப்பது’ என்று சொல்வோம். இரவெல்லாம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர், காலையில் வருபவரை, குழந்தைகளைச் சூட்டில் வைத்திருக்கும் படுக்கையான வார்மர் ஒவ்வொன்றுக்கும் அழைத்துச் சென்று, இது 30 வாரத்தில் பிறந்த குழந்தை, இன்று ஐந்தாவது நாள், எடை 1,180 கிராம், இரண்டு மணிக்கு ஒருமுறை குழாய் வழியாகத் தாய்ப்பால், விடியற்காலை மூன்றரைக்கு ஒருமுறை மூச்சு நின்று உள்ளங்காலைத் தட்டியதும் திரும்பியது, ஊசி ஏற்றியிருக்கும் இடது கை சற்று வீங்கியிருக்கிறது, அடுத்த மருந்து எட்டு மணிக்கு என்று ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். வீக்கத்தைச் சொன்னால் நம் கவனக்குறைவாகத் தோன்றுமே என்று தயங்கி மறைத்துவிட்டால், அந்தக் குழந்தைதான் அதற்கு விலை கொடுக்கும். ஆகவே நம்முடைய பிழையையும் சேர்த்தே சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கிளம்புவதுதான் எனக்கு வெகுகாலம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் உறங்க முடியாமல், பதினொரு மணிக்கு வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, மூன்றாம் வார்மரில் இருக்கும் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். இரண்டு மூன்று முறை பதில் சொன்ன மூத்த செவிலியர் ஒருவர், நான்காம் முறை, “ஓவர் குடுத்துட்டுப் போன குழந்தைய மறுபடியும் தூக்கிக்கிட்டுப் போகாத கண்ணு. தூங்கு. ராத்திரிக்கு நீ முழிச்சிருக்கணும்” என்றார். அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தச் சொல்லின் முழுப் பொருளும் 2020ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் எனக்கு விளங்கியது.

என் கணவர் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறார். கடன் வாங்கி வாங்கிய வண்டி. அந்த மார்ச் 19ஆம் தேதி சங்ககிரியிலிருந்து புனேவுக்கு ஜவ்வரிசி மூட்டைகள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மகாராஷ்டிர மக்கள் விரத நாட்களில் ஜவ்வரிசியைத்தான் கிச்சடியாகச் செய்து உண்கிறார்கள் என்பதால், நம் பக்கத்து ஜவ்வரிசிக்கு அங்கே எப்போதும் கேட்பு உண்டு. தொற்று பரவுகிறது என்று செய்திகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. கிளீனர் வர மறுத்துவிட்டதால் அவர் தனியாகப் போக வேண்டியிருந்தது. போக வேண்டாம் என்று நான் சொன்னேன்; தவணை யார் கட்டுவது என்று அவர் கேட்டார். பேச்சு வளர்ந்து, அவர் கிளம்பும்போது நான் வாசலுக்கு வரவில்லை. எப்போதும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பவள் நான்தான். அன்று என் அத்தைதான் வைத்தார்.

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் மக்கள் ஊரடங்கு. மறுநாள் சரக்கை இறக்கிவிட்டதாகச் சொன்னார். 24ஆம் தேதி இரவு முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 26ஆம் தேதி மாலை கோலாப்பூர் பக்கம் நெடுஞ்சாலையிலிருந்து பேசினார். எல்லையில் விடவில்லை, வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, உணவு விடுதிகள் எல்லாம் மூடிக் கிடக்கின்றன, வண்டியில் அரிசியும் அடுப்பும் இருப்பதால் பொங்கிக்கொள்கிறேன் என்றார். குரல் சற்றுக் கம்மியிருந்தது. அதன்பிறகு பதினொரு நாட்கள் எந்தத் தகவலும் இல்லை.

அவருக்குத் தெரிந்த ஓட்டுநர்களையும், லாரி உரிமையாளர் சங்கத்தாரையும், அரசு அறிவித்த உதவி எண்களையும் நாங்கள் மாறி மாறி அழைத்தோம். அத்தை, கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்து, ஆடியில் உருளுதண்டம் போடுவதாக, அதாவது தரையில் உருண்டு கோயிலைச் சுற்றுவதாக, வேண்டிக்கொண்டார். கோயிலுக்கு நேரில் போய்ச் சொல்லவும் வழியில்லை. பக்தர்களுக்கு நடை சாத்தப்பட்டிருந்தது. சமையலறை மூலையில் உள்ள பூசை அலமாரியின் முன்னால்தான் நான் நின்றேன். என் வேண்டுதல்கள் அந்த நாட்களில் எப்படி இருந்தன என்பதை மறைக்காமல் எழுத விரும்புகிறேன். முதல் நாள் ஒரு வெள்ளி விளக்கு என்றேன். மூன்றாம் நாள் கழுத்துச் சங்கிலி என்றேன். ஐந்தாம் நாள் இனி ஆயுள் முழுவதும் வெள்ளிக்கிழமை பட்டினி கிடக்கிறேன் என்றேன். நேர்த்திக்கடன் தவறு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் அத்தையின் வேண்டுதலில் இருந்த நிம்மதியை நான் கண்ணால் பார்த்தேன். ஒருமுறை சொல்லிவிட்டு, “சொல்லிட்டேன், இனி அவ பாடு” என்று சுளகை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டார். நானோ விலையை ஏற்றிக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறை சொல்லி முடித்ததும் அலைபேசியை எடுத்துப் பார்ப்பேன், அழைப்பு வந்திருக்காது, இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். பகலில் உறக்கம் இல்லை. ஓர் இரவு, பாலாடையில் பால் புகட்டிக்கொண்டிருந்தபோதே என் கண் அயர்ந்தது. உடனிருந்த செவிலியர் என் தோளைத் தொட்டு எழுப்பினார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கை நடுக்கம் அடங்க வெகுநேரமாயிற்று.

அதே நாட்களில் ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த இளம்பெண்ணின் குழந்தை எங்கள் வார்டில் இருந்தது. 28 வாரத்தில் பிறந்தது. எடை 940 கிராம். பேருந்துகள் ஓடாததால் மலையிலிருந்து உறவினர் எவரும் இறங்கி வர முடியவில்லை. துணைக்கு அவளுடைய அம்மா மட்டும் இருந்தார். அந்தப் பெண் சேர்வராயனுக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தாள். சேர்வராயன் மலையுச்சியில் குகைக்குள் இருக்கும் கோயில் அது. மலைவாழ் மக்களுக்கு அவர் ஊர்க்காவலர், குலதெய்வம், எல்லாமும்தான். மூன்று மணிக்கு ஒருமுறை பால் பீய்ச்சிக் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் அந்த முடிச்சை வார்மர் இருக்கும் திசை நோக்கிக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஆறாம் நாள் நள்ளிரவுக்குப் பின் குழந்தையின் நுரையீரலில் இரத்தம் கசிந்தது. மருத்துவரும் நாங்களும் விடியும்வரை முயன்றோம். குழந்தை பிழைக்கவில்லை.

துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தபோது அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “நான் சரியாக் கும்பிடலீங்களா சிஸ்டர்?” என்று கேட்டாள்.

பதினாறு ஆண்டுப் பணியில் என்னிடம் கேட்கப்பட்டவற்றில் இதைவிடக் கனத்த கேள்வி வேறொன்றும் இல்லை. “இல்லம்மா, அப்படி இல்லவே இல்ல. நுரையீரல் முதிர்றதுக்கு முன்னாடியே பொறந்துடுச்சு. நீ ஒரு குறையும் வைக்கல” என்று சொன்னேன். சொல்லும்போதே, ஆறு நாளாக நானும் அதே கேள்வியைத்தான் மறைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. இன்னும் சரியாகக் கும்பிட்டால், இன்னும் பெரிதாக நேர்ந்துகொண்டால், தொலைபேசி ஒலிக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அவளிடம் நான் சொன்னது உண்மையென்றால் எனக்கும் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்.

அன்று காலை ஓவர் எடுக்க வந்தவர் ஒரு கிறிஸ்தவச் செவிலியர். காலியான வார்மரின் அருகே நின்று நடந்ததைச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. எல்லாக் குழந்தைகளையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்டுக்காரரை தினமும் ஜெபத்துல ஒப்புக்கொடுக்கறேன் அக்கா. நீங்களும் ஒப்புக்கொடுத்துட்டுப் போய்த் தூங்குங்க” என்றார். ஒப்புக்கொடுப்பது அவர்கள் எப்போதும் சொல்லும் சொல்தான். நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் கையில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, அப்போதுதான் ஏழு குழந்தைகளை ஓவர் கொடுத்து முடித்த நிலையில், அந்தச் சொல் எனக்கு வேறுவிதமாகக் கேட்டது.

எங்களை வீட்டில் விடும் வேன் ஐந்து ரோட்டைத் தாண்டி வெறிச்சோடிய சாலையில் சென்றது. புகையும் தூசும் இல்லாததால் சேர்வராயன் மலை, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. இத்தனை நாள் நான் செய்தது வேண்டுதலே தவிர ஓவர் அல்ல என்று வழியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னேனே ஒழிய, என்ன நிலைமை என்று ஒருநாளும் சொல்லவில்லை.

குளித்துவிட்டு வந்து விளக்கேற்றி, வார்டில் சொல்வதைப் போலவே சொன்னேன். என் கணவர், வயது 44, தனியாக இருக்கிறார். கடைசியாகப் பேசியது 26ஆம் தேதி மாலை. குரல் கம்மியிருந்தது, காய்ச்சலாக இருக்குமோ என்று அப்போதே சந்தேகித்தேன், அத்தையிடம் சொல்லவில்லை. சர்க்கரை மாத்திரை பத்து நாளுக்குத்தான் கொண்டுபோனார். வீட்டில் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்துவிட்டு, இரவில் என் சேலையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள். அடுத்த மாதத் தவணைக்குப் பணம் இல்லை. இவ்வளவும் சொன்ன பிறகு, மறைத்து வைத்திருந்த ஒன்று மிச்சம் இருந்தது. கிளம்பும்போது நான் வாசலுக்கு வரவில்லை. அந்தக் கோபத்திலேயே அவர் போயிருந்தால் அந்தக் குற்றம் என்னுடையது. இதைச் சொன்னபோது, மூச்சு நின்றதை ஓவரில் சொல்லாமல் விட்டவள் கடைசியில் சொல்லிவிட்டதைப் போல இருந்தது. “தாயே, இதுதான் நிலைமை. இனி நீ பார்த்துக்கொள்” என்று சொல்லிவிட்டு, பேரம் எதுவும் பேசாமல் படுத்தேன். ஒன்பது நாட்களுக்குப் பிறகு அன்றுதான் ஆறு மணி நேரம் உறங்கினேன்.

அவர் திரும்பி வருவார் என்ற உறுதி எனக்கு அன்று கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அன்றிரவு ஏழு குழந்தைகளைக் கண் விழித்துப் பார்க்கும் தெம்பு மட்டுமே.

இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 6ஆம் தேதி முற்பகலில் அழைப்பு வந்தது. காய்ச்சல் இருந்ததால் அவரை ஒரு பள்ளிக்கூடத்தில் தனியே வைத்திருக்கிறார்கள். அலைபேசி லாரியிலேயே அணைந்து கிடந்திருக்கிறது. ஜனவரியில்தான் நான் எண்ணை மாற்றியிருந்தேன், அது அவருக்கு மனப்பாடமாகியிருக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் தினமும் ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையும் வாங்கித் தந்திருக்கிறார்கள். முகம் தெரியாத அந்தப் பெண்களை நினைக்காமல் இன்றும் நான் விளக்கேற்றுவதில்லை. அவர் ஊர் வந்து சேர்ந்ததும், 14 நாள் தனிமையில் இருந்ததும், அதுவரை நான் செவிலியர் விடுதியிலேயே தங்கியதும், கடன் தவணைகளை மூன்று மாதம் ஒத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்ததால் வண்டி கையைவிட்டுப் போகாமல் தப்பியதும் எல்லோர் வீட்டிலும் அந்த ஆண்டு நடந்த கதைகளைப் போன்றவைதான்.

ஆனால் ஒன்றை நான் எங்கும் சொல்ல மறுக்கிறேன். என் பிரார்த்தனை கேட்கப்பட்டது, அவளுடையது கேட்கப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். சாட்சி சொல்லும்படி உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் முடிச்சு என் கண்முன் வந்து நிற்கும். அவளுடைய பக்தி என்னுடையதைவிடத் தூய்மையானது. அதை அருகில் இருந்து பார்த்தவள் நான். இந்த இரண்டையும் ஒரே தெய்வத்தின் முன் எப்படிச் சேர்த்து வைப்பது என்பதற்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லாமலே தினமும் போய் நிற்கிறேன். என்னை வரவேண்டாம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. வார்டில் தாய்மார்களிடம், கும்பிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதையும் அன்றோடு நிறுத்திவிட்டேன். எடை ஒரு கிலோவைத் தாண்டிய குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவிடும் முறை எங்களிடம் உண்டு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய கங்காரு முறை அது. அப்படிக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் பெண்களின் உதடுகள் பெரும்பாலும் அசைந்துகொண்டே இருக்கும். திரையில் மூச்சும் இதயத் துடிப்பும் சீராவது அம்மாவின் உடல் சூட்டாலும் அணைப்பாலும்தான் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அந்த உதடுகள் அசையும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. மருந்து நேரம் இல்லையென்றால் சற்று விலகியே நிற்கிறேன்.

அந்த மூத்த செவிலியர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் இப்போது சற்று மாற்றிப் புரிந்துகொள்கிறேன். “நல்லாப் பாத்துக்கங்க சிஸ்டர்” என்று குழந்தையை எங்களிடம் விட்டுப்போகும் தாய்மார்கள், பத்து நிமிடத்தில் மீண்டும் வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் கோபித்துக்கொள்வதில்லை. எங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அவர்கள் வருவதில்லை. பெற்ற வயிறு, வராமல் இருக்க முடியாது. கையைக் காட்டி, உறங்குகிறான் என்று சைகை செய்வோம். போவார்கள், மறுபடியும் வருவார்கள். ஒப்படைத்துவிட்ட பிறகும் ஒரு நாளில் பத்து முறை அதையே போய்ச் சொல்கிறேனே என்று முன்பு எனக்குக் கூச்சமாக இருக்கும். இப்போது இல்லை.

செப்டம்பர் 1ஆம் தேதி கோயில்கள் திறந்த பிறகு அத்தை பொங்கல் வைத்தார். உருளுதண்டத்தை அடுத்த ஆடிக்குத் தள்ளிவைத்திருப்பதாக அம்மனிடமே சொல்லிவிட்டாராம். நான் அருகில் நின்று வெல்லம் தட்டிக் கொடுத்தேன்.

இதை எழுதும் இன்று என் கணவர் நாக்பூர் வழியில் இருக்கிறார். நேற்று இரவு பேசினார். மகளுக்கு வரன் ஒன்று வந்திருக்கிறது. அது கூடிவருமா என்று தெரியவில்லை. அத்தைக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கி வருகிறது. காலையில் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, உறங்கி எழுந்துவிட்டேன். மணி ஆறாகப் போகிறது. வார்டில் இன்று ஒன்பது குழந்தைகள் என்று சொன்னார்கள்; ஓவர் எடுக்கப் போக வேண்டும்.